சீம்பாலுக்கு ரிப்பன் வெட்டிய கதை

காளியப்பன் அண்ணன் பண்ணையில் நோஞ்சான் கோழிக்குஞ்சுகளுக்கு என் மனைவியின் சீம்பாலைப் புகட்டியவன் நான்தான். ஊரார் வாயில் விழுந்து வருவதைவிட என் வாயாலேயே வந்துவிடட்டும்.

வேண்டுமென்று செய்யவில்லை. புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள பண்ணைகளில் குஞ்சுகளுக்கு மருந்து போடுவது என் தொழில். தலை தொங்கிய குஞ்சைக் கையில் எடுத்து, அலகைப் பிரித்து, மஞ்சள் நிற வைட்டமினைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அந்தச் சொட்டை ஊசியில்லாத பொடி சிரிஞ்சுகளில் நிரப்பி, மருந்துக் கம்பெனிக்காரர் தீபாவளிக்குக் கொடுத்த நீல ஐஸ் பெட்டியில் வைத்திருப்பேன். அவர் தாராள மனசுக்காரர், இரண்டு பெட்டி கொடுத்திருந்தார். இரண்டாவதை என் மனைவி வெண்ணிலாவுக்குக் கொடுத்தேன். அவளுக்கு வேண்டிய சிரிஞ்சையும் நான் வாங்கும் கடையிலேயே, அதே அளவிலேயே வாங்கிக் கொடுத்தேன். சீம்பாலும் மஞ்சள் நிறம். மீதியை யாராலும் ஊகிக்க முடியும். அன்றைக்குக் காலையில் என் ஒருவனால்தான் முடியவில்லை.

நான் வீடு திரும்புவதற்குள் காளியப்பன் அண்ணன் போன் போட்டுவிட்டார்.

"ஏப்பா மாதேசு, அதென்ன மருந்துப்பா? தலையத் தொங்கப் போட்டுட்டுக் கெடந்ததெல்லாம் எந்திரிச்சு நிக்குது! எந்தக் கம்பெனிச் சரக்கு?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை வாசற்படி வரைக்கும்தான் வந்தது. உள்ளே வெண்ணிலா ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் வயிற்றைத் தாங்கி, இன்னொரு கையில் நீலப் பெட்டியோடு நின்றாள்.

"ஏனுங்க, இது என்னுதில்லீங்களே?"

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. கட்டிலில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குஞ்சுக நல்லாருக்குதுங்களா?"

"எந்திரிச்சு நிக்குதுங்கறாரு."

சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே அழுதுவிட்டாள்.

அவள் அழுததற்குக் காரணம் உண்டு. ஏழாம் மாதத்தில் வெண்ணிலாவுக்குச் சர்க்கரை என்று சொல்லியிருந்தார்கள். சர்க்கரை உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு, பிறந்ததும் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். அப்போது வாயில் விட, தாயின் சீம்பால் சில சொட்டுகள் முன்கூட்டியே கையில் இருந்தால் நல்லது. அதனால் கடைசி வாரங்களில் கையால் பீச்சி எடுத்து ஃப்ரீசரில் சேர்த்து வைக்கலாம் என்று பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். அவர்களிடம் டாக்டர்களைவிட வக்கீல்கள் கெட்டிக்காரர்கள்.

சொன்னதோடு விடவில்லை. 'முதல் துளி இயக்கம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கொரு தலைமை இயக்குநர், டாக்டர் கமலவேணி. அவர் கணவன்மாருக்கு மட்டும் தனியாக ஒரு வகுப்பு எடுத்தார். பட்டுப்புடவை, காலர் மைக், பின்னால் திரையில் அவருடைய படமே ஓடிக்கொண்டிருக்கும்.

"கணவன்மார்களே! ஒவ்வொரு துளியும் தங்கம். இந்த வளாகத்தில் டப்பாப் பால் என்ற சொல்லையே நாங்கள் தடை செய்திருக்கிறோம்."

எனக்குப் பின்னால் இருந்த எடப்பாடித் தறிக்காரர் கையைத் தூக்கினார். "அப்பறம் கீழ மெடிக்கல்ல கோபுரமாட்டம் அடுக்கி வெச்சிருக்கறது என்னங்க மேடம்?"

"சொல்லைத் தடை செய்திருக்கிறோம் என்றுதானே சொன்னேன்?" என்றார் கமலவேணி. எல்லோரும் கை தட்டினார்கள். தறிக்காரரும் தட்டினார்.

பிறகு ஆளுக்கொரு பலூனில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எங்கே வைக்க வேண்டும், எப்படி அழுத்த வேண்டும் என்று பழக்கினார்கள். மனைவிக்கு ஒத்தாசை செய்வதற்காம். மற்றவர்கள் பலூன் சொட்டுச் சொட்டாக விட்டது. என்னுடையது ஒரேயடியாக விட்டது. பட்டுப்புடவையைத் துடைத்துக்கொண்டே கமலவேணி எனக்கும் சான்றிதழ் கொடுத்தார். அதில் என்னைத் 'துளித் தந்தை' என்று போட்டிருந்தது.

வீட்டில் அந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கவில்லை. வெண்ணிலா வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்திக்கொண்டு, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, எவர்சில்வர் ஸ்பூனைப் பிடித்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். விரல் வலிக்க அழுத்தி, விட்டு, அழுத்தி, கடுகளவு ஒரு சொட்டு வரும். தேன் மாதிரி கெட்டியாக ஸ்பூனில் உருளாமல் நிற்கும். அதை சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுப்பது என் வேலை. மூச்சு விட்டால் சிந்திவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வேன். சில நாள் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் ஸ்பூன் ஈரமாவதோடு சரி. அன்றைக்கெல்லாம், "இவ சோம்பேறியா இருப்பாளாட்ட இருக்குது, எனக்கென்ன அவசரங்கறா" என்று வயிற்றைத் தட்டிச் சிரித்துவிட்டு எழுந்து போவாள். பெண் குழந்தை என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

என் மாமியார் பாவாயிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "நாங்கெல்லாம் சீம்பாலைப் பீச்சிக் கீழ ஊத்திப்போட்டுச் சர்க்கரைத் தண்ணி தொட்டு வெச்சோம், மாப்ள. இவ என்னடான்னா புள்ளை பொறக்கறதுக்கு முந்தியே கறந்து ஐஸ் பொட்டியில வெக்கறா" என்பார். ஆனால் மகள் ஸ்பூனோடு உட்காரும்போதெல்லாம், கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிற அக்கம்பக்கத்தாரை, "அவ தூங்கறா, அப்பறமா வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதாம்.

இப்படிச் சேர்ந்ததைத்தான் நான் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்தேன்.

மறுநாளே வெண்ணிலா ஸ்பூனை எடுத்துவிட்டாள். இந்தத் தடவை தன் பெட்டியின் மூடியில், நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினாள். "பொட்டு வெச்சது என்னுது. வெக்காதது கோழியுது." சிசேரியனுக்கு நாள் குறித்தாயிற்று. பழைய அளவு சேராது, ஆனால் ஓரளவு சேர்ந்தது. அட்மிட் ஆகும் வெள்ளிக்கிழமை காலையில், ஐஸ் பொதிகளுக்கு நடுவே சிரிஞ்சுகளை அடுக்கி, பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

"இதையாச்சும் நம்ம புள்ளை வாயில சேத்துப்போடுங்க."

"என் உசிரைக் குடுத்தாவது சேத்துப்போடறேன்" என்றேன்.

"உசுரெல்லாம் வேண்டாங்க. பண்ணைப் பக்கம் மட்டும் போயிராதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வெண்ணிலாவையும் மாமியாரையும் சக்கர நாற்காலியோடு உள்ளே அனுப்பிவிட்டு, பெட்டியோடு நான் நுழைந்தபோது செக்யூரிட்டி கந்தப்பன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பெட்டியில என்னங்க?"

"சீம்பாலுங்க."

"திங்கறதா, குடிக்கறதா?"

"குடிக்கறதுங்க."

அவர் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். வெளி உணவுக்கு அனுமதி இல்லை.

"இது வெளி உணவு இல்லீங்க. என் சம்சாரம் உள்ளதானே இருக்குது?"

"ஆளு உள்ள இருக்குது. பாலு வெளிய இருக்குது. நான் என்ன பண்ணட்டுங்க? கேன்டீன்ல போயிக் கையெழுத்து வாங்கியாங்க." சொல்லிவிட்டு, அவராகவே குரலைத் தணித்தார். "வெயில்ல நிக்காதீங்க, நெழல்ல நின்னு போங்க. ஐஸு கரைஞ்சு போகும்."

கேன்டீன் மேனேஜர் சாம்பார் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "சைவமா, அசைவமா?"

"மனுசப் பாலுங்க."

"அது தெரியுது. அந்தம்மா முட்டை சாப்பிடுவாங்களா?"

"நாமக்கல்லுல இருந்துட்டு முட்டை சாப்பிடாமயா?"

"அப்ப அசைவம்." அவர் மூடியை மூடினார். "செவ்வாய், வெள்ளி அசைவம் உள்ள விடறதில்லைங்க. நாளைக்கு வாங்களேன்."

நாளைக்குக் குழந்தை பிறந்து ஒரு நாள் ஆகியிருக்கும் என்றேன். அவர் யோசித்து, உணவாகக் கொண்டுபோனால்தான் இந்தத் தொல்லை, மருந்தாகக் கொண்டுபோனால் கிழமை கிடையாது என்று வழி சொன்னார். நல்ல மனிதர். நான் மெடிக்கலுக்குப் போனேன்.

டப்பாக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்ற விற்பனையாளர், "கம்பெனி பேரு?" என்று கேட்டார்.

"வெண்ணிலா."

"புதுக் கம்பெனிங்களா? கேட்டதில்லையே. எக்ஸ்பயரி என்னன்னு போட்டிருக்குது?"

"பாலுக்குங்களா, அவளுக்குங்களா?"

அவர் சிரிக்கவில்லை. விலை அச்சடிக்காத சரக்கை உள்ளே இறக்கினால் தன் வேலை போய்விடும் என்றார். வேண்டுமானால் இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டு அந்தக் கோபுரத்திலிருந்து ஒரு டப்பா வாங்கிக்கொள்ளலாம், அதை எந்த மாடிக்கும் கொண்டுபோகலாம், கந்தப்பனே தூக்கிக்கொண்டு வருவார்.

அப்போதுதான் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்க ரமேஷ்குமார் வந்தார். ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்பு அதிகாரி. பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களைத்தான் சார் காலையில இருந்து தேடறேன்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கட்டடத்தில் என்னை யாரோ தேடியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அன்றைக்குத்தான் 'முதல் துளி வங்கி' திறப்பு விழா. கீழ்த்தள ஹாலில் மேடை, பந்தல், தாமரைப்பூ வடிவத்தில் விளக்கு. நடுவில் ரிப்பன் கட்டிய ஆளுயர ஃப்ரீசர் ஒன்று நின்றது. எல்லாம் இருந்தது, துளி மட்டும் இல்லை. இயக்கம் தொடங்கியதிலிருந்து சீம்பாலை உண்மையாகவே எடுத்துக்கொண்டு வந்த முதல் கணவன் நான்தானாம்.

"மத்தவங்க ஏனுங்க கொண்டாரல?"

"கொண்டுவந்தாங்க சார். செக்யூரிட்டி விடல" என்றார் ரமேஷ்குமார், அதை மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

விழா முடிந்ததும் பெட்டி நேராகக் குழந்தைகள் வார்டுக்குப் போகும் என்று சத்தியம் செய்தார். மேடையில் என்னை உட்கார வைத்து, 'துளித் தந்தை' என்று எழுதிய பட்டையைத் தோளில் குறுக்கே போட்டார்கள். பெட்டியை வெல்வெட் துணி விரித்த மேசையில், விளக்குக்கு நேர் கீழே வைத்தார்கள். ரமேஷ்குமார் மூடியிலிருந்த சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியின் முத்திரையை ஒட்டினார்.

"விளக்குச் சூடுங்க. ஐஸ் தாங்காது" என்றேன்.

"பத்தே நிமிஷம் சார். பாப்பா குடிக்கறது ஒரு தடவை. போட்டோ என்னைக்கும் இருக்கும்."

சிறப்பு விருந்தினர் லாரி பாடி கட்டும் தொழிலதிபர். வள்ளிபுரம் பக்கம் எங்கோ அவருடைய வண்டியே மாட்டிக்கொண்டதாம். அவர் வரும்வரை எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி, ஒரு துளியையும் வீணாக விட மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தோம். அவர் வரவில்லை. மறுபடியும் எடுத்தோம். நான் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மூடி வெதுவெதுவென்று இருந்தது.

ஒருவழியாக அவர் வந்தார். வந்ததும் பேசினார். "ஒரு லாரிக்கு எஞ்சினு எவ்வளவு நல்லாருந்தாலும், பாடி சரியில்லைன்னா ரோட்டுல நிக்காது. கொழந்தைக்கும் அப்படித்தான். இந்த ஆஸ்பத்திரி நல்ல பாடி கட்டுது." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்து கமலவேணி. "தாய்ப்பால் என்பது தாய்க்கும் சேய்க்கும் நடுவில் உள்ள விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அறியாமை. நடுவில் நாங்கள் இருக்கிறோம். ஒரு தாயால் எடுக்க மட்டும்தான் முடியும். அதை வரவேற்க, வாழ்த்த, வகைப்படுத்த ஒரு நிறுவனம் வேண்டாமா? எத்தனை குழந்தைகள் குடித்தன என்று சிலர் கேட்கிறார்கள். எத்தனை விருது வாங்கினோம் என்று ஏன் யாரும் கேட்பதில்லை?"

அந்த நேரத்தில்தான் ஹால் வாசலில் என் மாமியாரின் குரல் கேட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தலை கலைந்து ஓடி வந்தார்.

"ஏனுங் மாப்ள! பொட்டப்புள்ளைங்! பொறந்துருச்சுங்!"

மொத்த ஹாலும் எழுந்து கை தட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள்.

"சர்க்கரை எறங்கிப்போச்சாமுங்! மேல கண்ணாடி ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்! வெண்ணிலா அந்தப் பொட்டிய எடுத்தாரச் சொல்லறா, சித்த ஓடியாங்!"

நான் பெட்டியை வாரி எடுத்துக்கொண்டு எழுந்தேன். கமலவேணி ஒரு கையால் என் தோள் பட்டையைப் பிடித்துக்கொண்டு, மைக்கில் சொன்னார். "பாருங்கள்! இதுதான் ஒரு துளித் தந்தையின் துடிப்பு!" கேமராக்காரர்கள் முன்னால் வந்தார்கள்.

"மேடம், புள்ளைக்குச் சர்க்கரை எறங்கிப்போச்சாம். விடுங்க மேடம்."

அவர் மைக்கை மூடிக்கொண்டு, பாசமாகவே சொன்னார். "நீங்க தூக்கிட்டு ஓடினா வெறும் சிரிஞ்சுங்க. வங்கி வழியாப் போனா அது முறையான துளி. மேல வார்டுல கண்ட எடத்துல இருந்து வந்ததை வாங்க மாட்டாங்க, தெரியுமில்ல?"

எனக்கு அது சரியென்று பட்டது. கேட்டில், கேன்டீனில், மெடிக்கலில் எல்லா இடத்திலும் அதைத்தானே சொன்னார்கள்? இங்கேதான் நான் இரண்டாவது தடவை முட்டாளானேன். முதல் தடவைக்காவது பெட்டிகள் ஒரே மாதிரி இருந்தன.

விருந்தினர் ரிப்பனை வெட்டினார். கத்தரிக்கோல் மொண்ணை. மறுபடி வெட்டினார். நான் ஃப்ரீசரைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்தேன்.

"சில்லுன்னே இல்லீங்களே?"

"ஏ.சி. ஹால்ல உக்காந்து உங்க கை மரத்திருக்கும் சார்" என்றார் ரமேஷ்குமார். கதவைச் சாத்தினார்கள். எல்லோருக்கும் ரோஜா நிறத்தில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். நானும் மாமியாரும் படியேறி ஓடினோம்.

குழந்தைகள் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் விட்டார்கள். தூரத்தில் ஒரு தொட்டில். பொடிசாக ஒரு கால் மட்டும் தெரிந்தது, குதிகாலில் பஞ்சு ஒட்டியிருந்தது. சர்க்கரை பார்க்கக் குத்தியிருக்கிறார்கள். மாமியார் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஏஞ்சாமி, ஏஞ்சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்த டாக்டரிடம் கேட்டேன். "கீழ பால் வெச்சிருக்குதுங்க. குடுத்தாச்சுங்களா?"

"பேபி ஸ்டேபிள்" என்றார்.

"பால் குடுத்தாச்சுங்களா?"

"ஃபீடு புரோட்டோகால் படி போயிட்டிருக்கு."

கவுன்ட்டரில் கேட்டேன். டாக்டர் சொல்வார் என்றார்கள். ரமேஷ்குமாருக்குப் போன் போட்டேன். "சார், உங்க போட்டோ சூப்பரா வந்திருக்கு சார்! இப்பவே நானூறு பேரு பாத்துட்டாங்க" என்றார். பால் என்ன ஆயிற்று என்றேன். "துளிப் பயணம் தொடங்கிடுச்சு சார்." எங்கே போயிருக்கிறது என்றேன். "அதான் சார், பயணத்துல இருக்கு."

மாலையில் வெண்ணிலாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, மயக்கம் பாதி தெளிந்திருந்தாள். குழந்தையை அவள் இன்னும் பக்கத்தில் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்ததும் கேட்டாள்.

"குடிச்சாளாங்க?"

"குடுத்துட்டு இருக்காங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. காலையில்தான் கேட்டைத் தாண்டி வந்தேன், சாயங்காலத்துக்குள் எனக்கும் அந்த ஆஸ்பத்திரி பாஷை வந்துவிட்டது.

அவள் நம்பினாள். என் கையைப் பிடித்து அமுக்கினாள். அமுக்கிய விரலின் நுனி இன்னும் சிவந்திருந்தது.

"போதுங்க. எனக்கு இது போதும்."

அங்கே உட்கார முடியவில்லை. கீழே வந்து போர்டிகோவில் நின்றேன். ஒரு டெம்போ பின்பக்கம் திறந்து நின்றது. பந்தல் துணி, தாமரை விளக்கு, நாற்காலிகள் என்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாக்குத் துணி சுற்றிக் கயிறு கட்டிய பெரிய சாமான் ஒன்றை இரண்டு பேர் தூக்க முடியாமல் திணறினார்கள்.

"அண்ணா, ஒரு கை புடிங்ணா."

யாராவது ஒரு கை கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. பிடித்தேன். கனத்தது. மூவருமாக டெம்போவில் ஏற்றினோம். உள்ளே ஏதோ உருண்டு இடித்தது. "பாத்துங்க, ஒடையற சாமானாட்ட இருக்குது" என்று நானே எச்சரித்து அனுப்பினேன். டெம்போ பைபாஸில் ஏறி சேலம் பக்கம் திரும்பியது. நல்ல காரியம் ஒன்றாவது இன்றைக்குச் செய்தோமே என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

போன் அடித்தது. காளியப்பன் அண்ணன்.

"மாதேசு, கொழந்தை பொறந்துருச்சாமா? நல்லாருக்கட்டும் சாமி. அப்பறம் அந்த மஞ்ச மருந்து குடிச்ச குஞ்சுக, ஒண்ணுகூடச் சாகலப்பா! தீவனத் தொட்டியில ஏறி நின்னுட்டு எறங்க மாட்டீங்குது. இன்னைக்காச்சும் அந்த மருந்துப் பேரைச் சொல்லிப்போடு."

"அப்பறம் சொல்றனுங்ணா" என்று வைத்துவிட்டேன்.

படியில் ஒரு நர்ஸ் இறங்கி வந்தார். வேலை முடிந்து, தோளில் பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக. காலையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகளின் தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போனவர். சட்டையில் அறிவுச்செல்வி என்று பெயர் இருந்தது. என்னைக் கடந்து போனவர் நின்றார். என் தோளில் இன்னும் அந்தப் பட்டை கிடந்தது, கழற்ற மறந்துவிட்டேன்.

"வெண்ணிலா பேபியோட அப்பாதானுங்களே? பாப்பாவுக்குச் சர்க்கரை ஏறிருச்சுங்ண்ணா. பயமில்லை."

அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனாலும் அது என் கேள்விக்குப் பதில் இல்லை. அன்றைக்கு எத்தனை பேரிடம் கேட்டேனோ, அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

"சிஸ்டர், எம் புள்ளை அவங்கம்மா பாலைக் குடிச்சாளா?"

அவர் வெளிக் கேட்டைப் பார்த்தார், மேலே ஜன்னலைப் பார்த்தார். கூடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இல்லீங்ண்ணா. ஒரு சொட்டும் குடிக்கலை. டப்பாப் பால்தான் குடுத்தோம். உங்க பெட்டி மேல வரவே இல்லை. அந்த ஃப்ரீசரு விழாவுக்கு வாடகைக்கு எடுத்தாந்ததுங்ண்ணா, அதுக்குக் கரண்டு கூடக் குடுக்கலை. இப்ப நீங்க ஒரு கை புடிச்சு டெம்போவுல ஏத்தி வுட்டீங்களே, அதானுங்ண்ணா."